விதை போட்டு ஜெரேனியம் வளர்ப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் போனால் தகரக் கூரை போட்ட சின்ன வீட்டு வாசலில்கூடப் பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு சிவப்பு ஜெரேனியம் பூத்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை விதையில் வந்தவை அல்ல. பக்கத்து வீட்டில் ஒரு குச்சி ஒடித்து மண்ணில் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படியிருக்க விதை எதற்கு? உங்களுக்கு ஒரே ஒரு தொட்டி போதும் என்றால் விதையே வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் குச்சி கேளுங்கள், இல்லையென்றால் நர்சரியில் பூவோடு ஒரு செடி வாங்குங்கள். பால்கனிக் கம்பி நெடுக ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் பத்துப் பதினைந்து செடி வேண்டும், உள்ளூர் நர்சரியில் கிடைக்காத நிறம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் விதை. இன்னொரு லாபமும் உண்டு. குச்சியோடு தாய்ச்செடியின் நோயும் கூடவே வரும், பாக்டீரியா வாடலும் வைரஸும் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. விதைச் செடியில் அந்தப் பயம் மிகக் குறைவு.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடியை உலகம் முழுக்க நெடுங்காலம் குச்சியில்தான் பெருக்கிவந்தார்கள். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 'நிட்டனி லயன் ரெட்' என்ற ரகத்தை வெளியிட்டது. விதை போட்டால் ஒரே மாதிரி வரும் ஜெரேனியம் என்பது அதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்று பாக்கெட்டில் வரும் மேவரிக், பின்டோ, ஆர்பிட், ஹொரைசன் எல்லாம் அந்த வழியில் வந்த எஃப்1 கலப்பின விதைகள், அதாவது இரண்டு தூய ரகங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதைகள்.

விதை வாங்கும்போது

பாக்கெட்டில் 'பெலார்கோனியம்' என்று போட்டிருந்தால் தயங்க வேண்டாம், நாம் ஜெரேனியம் என்று சொல்வது அதைத்தான். தாவரவியலில் 'ஜெரேனியம்' என்ற பெயரில் வேறொரு செடி இருக்கிறது. அது குளிர்நாட்டுத் தோட்டங்களில் தரையோடு படர்ந்து நீலமும் ஊதாவுமாகப் பூப்பது. அதன் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிவப்பு, ஆரஞ்சு கலந்த சிவப்பு, ரோஸ், வெள்ளை, சால்மன், இளஊதா எல்லாம் உண்டு. பளிச்சென்ற நீலம் கிடையாது. வானவில் நிறத்தில் ஒரே பூ என்பதும் கிடையாது. ஆன்லைனில் நீல ஜெரேனியம் 500 விதை என்று சல்லிசான விலைக்கு விற்கிறவர் அனுப்புவது என்ன விதை என்று அவருக்கே தெரியாது. நல்ல எஃப்1 விதை விலை கூடுதல்தான், வீட்டுக்கு வரும் பாக்கெட்டில் ஐந்தோ பத்தோதான் இருக்கும். ஒரு கிராமில் 200 விதை நிற்கும் என்பதை வைத்து எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல்முறை என்றால் சாதாரண வட்ட இலை ரகத்தையே எடுங்கள். இலை நடுவில் குதிரை லாடம் மாதிரி ஒரு பட்டை இருக்குமே, அதுதான். தொங்கும் ஐவி ஜெரேனியத்திலும் விதை கிடைக்கிறது, ஆனால் ஈரத்துக்கு அது இன்னும் சுணங்கும். அடுக்குப் பூ ரகங்கள் பெரும்பாலும் குச்சியில் வருபவை, விதையில் வருவது ஒற்றை அடுக்குதான். ரோஜா வாசம் வீசும் எண்ணெய் ஜெரேனியமும் குச்சிதான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எண்ணெய்க்காகப் பயிரிடுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். போகிற போக்கில் ஒன்று: 'கொசு விரட்டிச் செடி' என்று நர்சரியில் விற்பது வாசனை ஜெரேனியத்தில் ஒரு வகை. செடி சும்மா ஜன்னலில் நிற்பதால் ஒரு கொசுவும் ஓடாது. வாசனைக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது விதைப்பது

புதிதாக வளர்ப்பவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். விதை கைக்கு வந்த அன்றே போட்டுவிடுவார்கள். ஜெரேனியம் விதைத்ததிலிருந்து பூக்க மூன்றரை முதல் நான்கு மாதம் எடுக்கும். ஆகவே பூ எப்போது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து நான்கு மாதம் பின்னால் எண்ணுங்கள்.

பூக்கும் காலம் வெயில் உச்சத்தில் விழக் கூடாது. பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் விதைச் செடிகள் மொட்டு வைப்பதையே நிறுத்திவிடும். விழுந்தாலும் பரவாயில்லை என்று போடுவதற்கு இது காகிதப்பூ அல்ல. அடைமழையிலும் விழக் கூடாது, பூங்கொத்து முழுக்க நனைந்து அழுகும்.

இதை ஊருக்கு ஊர் போட்டுப் பார்ப்போம். ஊட்டி, குன்னூரில் ஜனவரி உறைபனிக்கு நாற்றை வெளியே வைக்க முடியாது. ஜனவரி கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, மார்ச்சில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மே மாத மலர்க்கண்காட்சி சமயத்தில் உங்கள் வாசலிலும் பூ இருக்கும். கொடைக்கானல், ஏற்காட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். பெங்களூர், ஓசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: செப்டம்பரில் விதைத்தால் ஜனவரியில் பூ, மார்ச் முடிய பிரச்சினை இல்லை. கோவைக்கும் செப்டம்பர் கடைசி சரியாக வரும். இலங்கையில் நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்தில் விதைக்க வேண்டும்.

சென்னை, திருச்சி, மதுரை, யாழ்ப்பாணம் மாதிரியான ஊர்களில்? முடியும், ஆனால் இதைப் பல்லாண்டுச் செடியாக நினைக்காதீர்கள். அக்டோபர் முதல் வாரம் விதைத்தால் ஜனவரி கடைசியில் பூக்கத் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். பெட்டூனியா மாதிரி ஒரு சீசன் பூ என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு இறங்கினால் ஏமாற்றம் இல்லை.

கனடாவிலோ பிரிட்டனிலோ இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. கடைசி உறைபனி தாண்டித்தான் செடி வெளியே போகலாம். டொரன்டோவில் மே மாத விக்டோரியா டே விடுமுறைக்குப் பிறகுதான் பலரும் தொட்டிகளை வெளியே வைக்கிறார்கள். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வீட்டுக்குள்ளேயே விதைத்து, ஜன்னல் வெளிச்சம் போதாது என்பதால் எல்.இ.டி விளக்கின் கீழ் வளர்க்க வேண்டியிருக்கும்.

கலவையும் தட்டும்

தோட்டத்து மண்ணை விதைக்குப் போடாதீர்கள். அதில் நாற்றழுகல் பூஞ்சணம் குடியிருக்கும். எளிதாகக் கிடைப்பது தேங்காய் நார்க்கழிவுக் கட்டி, கடைகளில் கோகோபீட் என்றே கேட்கலாம். ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிடுங்கள். சில கட்டிகளில் உப்பு அதிகம், அலசாமல் போட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். அலசியதை மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் எடையில்லாத வெள்ளைத் துகள்) அல்லது கழுவிய பருமணல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். மண்புழு உரத்தைக் கட்டாயம் சலிக்க வேண்டும். ஒரு கிலோ கலவைக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்தால் நாற்றழுகலுக்கு முன்கூட்டியே ஒரு காவல் போட்ட மாதிரி. வேளாண் மருந்துக் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், அது உயிருள்ள பூஞ்சணம், பழசானால் வெறும் பொடி.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்? கலவையில் ஒரு பிடி எடுத்து நன்றாக அழுத்துங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் பரப்பி ஆறவிடுங்கள்.

குழித்தட்டில் 50 குழி உள்ளது வசதி. 98 குழித் தட்டு காய்கறி நாற்றுக்குப் பொருந்தும், ஜெரேனியத்துக்குச் சீக்கிரம் இடம் போதாமல் போய்விடும். தட்டு இல்லையென்றால் அடியில் நாலு ஓட்டை போட்ட காகித டம்ளரோ தயிர் டப்பாவோ போதும்.

விதைப்பு

கடை விதையின் தோலை ஏற்கனவே லேசாகச் சுரண்டித்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். ஆகவே ஊறவைக்க வேண்டாம், அப்படியே போடலாம். சொந்தச் செடியில் எடுத்த விதை என்றால் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. நைஸ் உப்புத்தாளில் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை தேய்த்து, பழுப்புத் தோலில் ஒரு வெளிர் கீறல் தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் உப்பியிருப்பவை முளைக்கும். உப்பாததை இன்னொரு முறை தேய்க்கலாம்.

ஒரு குழிக்கு ஒரு விதை. பென்சில் முனையால் 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம், விதையைப் படுக்கவைத்து மேலே கலவையைத் தூவி விரலால் மெல்ல அழுத்துங்கள். விதையும் கலவையும் ஒட்டியிருக்க வேண்டும், அதற்குத்தான் அழுத்துவது. முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை. தேதியையும் நிறத்தையும் ஐஸ் குச்சியில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா மை ஒரு வாரத்தில் கரைந்துவிடும், அப்புறம் எது வெள்ளை எது சிவப்பு என்று பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மேலே ஒரு பாலித்தீன் தாளோ, கேக் வாங்கிய பிளாஸ்டிக் மூடியோ போட்டு மூடுங்கள். மூடிய தட்டை வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே விதை வெந்துபோகும்.

இப்போது வெப்பம். முளைக்கத் தோதான வெப்பம் 21 முதல் 24 டிகிரி. இந்த அளவில் ஐந்தாம் நாளிலிருந்து முளை தெரியும், பத்து நாளுக்குள் பெரும்பாலானவை வந்துவிடும். பின்தங்கியவை மூன்று வாரம்கூட எடுக்கும். ஊட்டி வீட்டில் அறை 15 டிகிரியில் இருந்தால் தட்டைச் சமையலறையில், குளிர்பதனப் பெட்டியின் மேல் வையுங்கள், அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். சென்னையிலோ பிரச்சினை தலைகீழ், அக்டோபரிலும் வீட்டுக்குள் 29, 30 போகும். இரவில் ஏ.சி ஓடும் படுக்கையறையின் தரையில், மூடியோடு வைத்தால் வேலை நடக்கிறது. பகலில் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும், மொட்டைமாடி நிழலில் வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

முளைத்த பிறகு முதல் மூன்று வாரம்

முதலில் மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு வளைந்த தண்டு தெரியும், பல சமயம் தலையில் விதைத் தோலை மாட்டிக்கொண்டே எழும்பும். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அரை நாள் விட்டால் தானே கழன்றுவிடும். பிறகு மழமழவென்று இரண்டு வித்திலைகள் விரியும். ஒரு வாரம் கழித்து நடுவிலிருந்து வரும் முதல் உண்மை இலைக்கு ஓரத்தில் சுருக்கு இருக்கும், மேலே மெல்லிய ரோமம் தெரியும், லேசாகத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தால் ஜெரேனியத்தின் காரமான வாசம் அப்போதே இருக்கும். லாடப் பட்டை இப்போது தெரியாது, இலைகள் கூடிய பிறகுதான் வரும். வாங்கியது தப்பு விதையோ என்று பதறாதீர்கள்.

பாதி விதை முளைத்ததுமே மூடியை எடுத்துவிடுங்கள். அன்றே வெளிச்சத்துக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டு நாள் இருட்டில் விட்டால் தண்டு நூலாக நீளும், பிறகு என்ன செய்தாலும் அந்தச் செடி திடமாகாது. கிழக்கு ஜன்னலில் இரண்டு மணி நேரக் காலை வெயிலும் மீதி நாள் வெளிச்சமும் கிடைத்தால் போதும். விளக்கு என்றால் நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம்.

தண்ணீர்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் கை ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் தினமும் ஊற்றிப் பழகிய கை. ஜெரேனியம் நாற்று தண்ணீர் இல்லாமல் செத்தது என்பது அபூர்வம், தண்ணீரால் செத்ததுதான் அதிகம். பூவாளியால் மேலிருந்து ஊற்றாமல், ஒரு தாம்பாளத்தில் அரை அங்குலம் தண்ணீர் விட்டு அதில் தட்டைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். மேல்மண் நிறம் மாறி ஈரமானதும் எடுத்துவிட வேண்டும், மிச்சத் தண்ணீரில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். மறுபடி எப்போது? மேல்மண் வெளிறி, தட்டைத் தூக்கினால் எடை குறைந்திருக்கும்போது. ஈரமான தட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்துக்கொண்டால் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும். எப்போதும் காலையில் மட்டும், இரவில் ஈர இலையோடு நாற்று நிற்கக் கூடாது.

மீறி ஈரம் தங்கினால் வருவது நாற்றழுகல். அறிகுறி இப்படி இருக்கும்: நேற்று மாலை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். இலை பச்சையாகவே இருக்கும், ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்து நூலாக இளைத்திருக்கும். அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியின் மண்ணோடு சேர்த்து எடுத்து வெளியே போட்டுவிட்டு, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, தூரத்தில் ஒரு மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். பரவுகிறது என்று தெரிந்தால் ஒரு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றலாம். டிரைக்கோடெர்மா போட்டிருந்தால் இந்த மருந்து அதையும் பாதிக்கும் என்பதால், கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டைச் சுற்றிக் கடுகளவு கருப்பு ஈக்கள் பறந்தால் அதுவும் ஈரம் அதிகம் என்பதன் அடையாளம்தான். ஈ ஒன்றும் செய்யாது, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு இளவேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று செருகி, மேல்மண்ணைக் காயவிட்டால் அடங்கிவிடும்.

தொட்டிக்கு மாற்றுவது

இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும், அதாவது விதைத்து நான்கு ஐந்து வாரத்தில், 4 அங்குலத் தொட்டிக்கோ நாற்றுப்பைக்கோ மாற்றலாம். நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். ஓர் இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போச்சு. தட்டில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், தண்டை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் நிழல், பிறகு காலை வெயில், ஒரு வாரத்தில் அரை நாள் வெயில் என்று படிப்படியாகப் பழக்குங்கள்.

வேர் 4 அங்குலத்தை நிறைத்த பிறகு 6 அல்லது 8 அங்குலத் தொட்டி. நேரடியாகப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. சின்ன வேர் குடிக்காத தண்ணீர் பெரிய தொட்டியில் தேங்கி நின்று, அடித்தண்டு கருத்து அழுகிவிடும். மண்தொட்டி சிறந்தது, பக்கவாட்டிலும் காயும். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பாதிப் பங்கு பருமணல், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போதும்.

நீலகிரிக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்கள் மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், ஜெரேனியத்துக்குப் பிடிக்காது. இதற்கு வேண்டிய அமில-கார அளவு 6 முதல் 6.8 வரை. அதற்குக் கீழே போனால் மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிச் செடிக்குள் ஏறி, கீழ் இலைகளில் துருத் தூவினாற்போல் புள்ளி விழுந்து ஓரம் காயும். பார்ப்பவர்கள் நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். தேயிலைத் தோட்டங்களில் போடும் அதே டோலமைட் தூளை 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி கலந்தாலே சரியாகும். சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை, புது இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து இடையிடையே ஊற்றுங்கள்.

நுனி கிள்ளல், உரம்

ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வந்து செடி குட்டையாக அடர்ந்து நிற்கும், ஆனால் பூ இரண்டு வாரம் தள்ளிப்போகும். இப்போதைய எஃப்1 ரகங்கள் தாமாகவே அடியில் கிளைவிடும் என்பதால் நான் கிள்ளுவதில்லை. வெளிச்சம் போதாமல் ஒல்லியாக வளர்ந்ததை மட்டும் கிள்ளுங்கள்.

தொட்டி மாற்றி இரண்டு வாரம் கழித்து தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து அதிகமுள்ள 13:0:45 உரத்துக்கு மாறுங்கள், அதே அளவுதான். காய்ந்த மண்ணில் உரத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சாணியையும் மீன் அமிலத்தையும் தாராளமாக ஊற்றினால் இலை தாமரை இலை அளவுக்கு வரும், பூ வராது. ஜெரேனியம் கொஞ்சம் பட்டினியில்தான் நன்றாகப் பூக்கும்.

பூ வந்த பிறகு

மொட்டுக் கொத்து முதலில் தலை கவிழ்ந்துதான் இருக்கும். வாடிவிட்டது என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், விரியும் நேரத்தில் தானே நிமிரும்.

விதை ஜெரேனியத்தின் ஒரு குறை, பூவிதழ் சட்டென்று உதிர்வது. ஒற்றை அடுக்கு என்பதால் மகரந்தம் சேர்ந்தவுடன் கொட்டிவிடும். எத்திலீன் வாயு பட்டால் இன்னும் வேகமாகக் கொட்டும். பழுக்கும் வாழைத்தாரையோ மாம்பழக் கூடையையோ பக்கத்தில் வைக்காதீர்கள், அவை விடுவது அந்த வாயுவைத்தான். கொத்தில் முக்கால்வாசி உதிர்ந்ததும் காம்பைக் கீழ்மூட்டில் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்தால் 'டக்' என்று கழன்று வரும். கத்தரி தேவையில்லை. இதைத் தவறாமல் செய்தால்தான் அடுத்த கொத்து சீக்கிரம் வரும்.

நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு சமவெளியில் பதினோரு மணி வரை வெயில் போதும், மிச்ச நேரம் 50 சதவீத நிழல்வலை. ஊட்டியில் ஜூன் மாதத் தூறலும் பனிமூட்டமும் தொடங்கியதும் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள், இல்லாவிட்டால் பூவில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பஞ்சுபோல் ஏறும். உதிர்ந்த இதழ் இலைமேல் ஒட்டி அழுகிய இடத்திலிருந்துதான் அது இலைக்குப் பரவும், ஆகவே இலைமேல் விழுந்ததைப் பொறுக்கிவிடுங்கள். இலைக்கு அடியில் பழுப்புத் தூள் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது துரு நோய், அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பைப் பையில் கட்டிப் போட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. ஐவி ரகத்தின் இலையடியில் தக்கை மாதிரித் தடித்த கொப்புளம் வந்தால் அது நோயே இல்லை. மேகமூட்டமான நாளில் அதிகம் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் செல் வெடித்த தழும்பு. மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் கட்டுப்படும், பூமேல் படாமல் அடியுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும்.

குச்சியும் சொந்த விதையும்

ஒரு பாக்கெட்டில் முளைத்த செடிகளில் ஒன்று மட்டும் மற்றதைவிடத் திடமாக, நிறமாக வரும். சீசன் முடியும்போது அதில் ஒரு விரல் நீளக் குச்சி நாலைந்து எடுத்து, வெட்டுவாயை அரை நாள் நிழலில் காயவைத்து, மணல் கலவையில் செருகுங்கள். மேலே பை போட்டு மூடாதீர்கள், அழுகும். மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். மதுரை, சென்னை வெயிலில் தாய்ச்செடியைக் காப்பாற்றப் போராடுவதைவிட, ஏப்ரலிலேயே குச்சி எடுத்து வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலில் வைப்பது எளிது. அப்படியும் சிலது போகும்.

விதை எடுக்க ஆசைப்பட்டால் சில கொத்துகளைக் கிள்ளாமல் விடுங்கள். பூ உதிர்ந்த இடத்தில் நாரை மூக்கு மாதிரி நீண்ட காய் நீட்டிக்கொண்டு வரும். பச்சை பழுப்பாக மாறும்போது எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தால் ஐந்தாகப் பிளந்து காற்றில் போய்விடும். ஒவ்வொரு விதைக்கும் சுருள் கம்பிபோல் முறுக்கிய வால், அதில் வெள்ளைப் பஞ்சு. உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வால் மெல்ல முறுக்கவிழ்ந்து நீளும், காய்ந்ததும் மறுபடி சுருளும். மண்ணில் விழுந்த விதை தன்னைத்தானே திருகி உள்ளே இறக்கிக்கொள்வது இப்படித்தான். குழந்தைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. ஆனால் எஃப்1 செடியின் விதையில் தாயின் நிறமும் உயரமும் அப்படியே வராது. ஒன்று ரோஸாக வரும், ஒன்று நெட்டையாக வரும். அதில் சுவாரசியம் உள்ளவர்கள் போடலாம், ஒரே சீரான வரிசை வேண்டுபவர்கள் புது பாக்கெட்தான் வாங்க வேண்டும்.

மிச்சம் இருக்கும் விதையைப் பாக்கெட்டோடு மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடுத்த சீசனுக்கும் முளைக்கும். வெளியே எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் விதைமேல் வியர்க்காது.